பழைய ஏட்டில் புதிய சாட்சி

கிறிஸ்துமஸ் காலத்தில் தேவாலயத்துக்குச் சென்றிருக்கும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். இயேசு பிறந்த வரலாற்றோடு, அவருக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏசாயா என்னும் எபிரேயத் தீர்க்கதரிசியின் நூலையும் அங்கே வாசிப்பார்கள். ஒரு சமயம் தன் கதையைச் சொல்ல வேறொரு சமூகத்தாரின் பழைய நூலைச் சாட்சிக்கு அழைப்பானேன்? கிறிஸ்தவ நண்பர்கள் பலரோடு பழகும் நம் சங்கக் குடும்பங்களுக்கு இதன் பின்னணி சுவையாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் ரோமப் பேரரசில் பழமைக்குத்தான் மரியாதை. யூதர்களின் வழக்கங்களை ரோமானியர் கேலி செய்தாலும், அவை முன்னோர் வழி வந்தவை என்று பொறுத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களுக்கோ அந்தச் சலுகை இல்லை. "நேற்று முளைத்த கூட்டம், சிலுவையில் அறையப்பட்ட ஒருவரைக் கடவுள் என்கிறது" என்பதே அவர்கள்மேல் சுமத்தப்பட்ட பழி. இதற்குப் பதில் எழுதப் புறப்பட்டவர்களில் முக்கியமானவர் ஜஸ்டின்.

இன்று நாப்ளஸ் எனப்படும் பாலஸ்தீன ஊரில், சுமார் கி.பி. 100இல் பிறந்தவர் அவர். யூதரல்லர். கிரேக்கத் தத்துவப் பள்ளிகள் பலவற்றைச் சுற்றி வந்தவர். கடற்கரையில் சந்தித்த ஒரு முதியவர், தத்துவ ஞானிகளுக்கும் முற்பட்ட எபிரேயத் தீர்க்கதரிசிகளைப் பற்றிச் சொன்னதே தம் வாழ்வைத் திருப்பியது என்று அவரே எழுதியிருக்கிறார். சுமார் 155இல் பேரரசர் அன்டோனினஸ் பயஸுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். இயேசு அற்புதங்கள் செய்தார் என்று மட்டும் சொன்னால், "அது மந்திர வித்தை" என்று யாரும் தள்ளிவிடலாம். ஆனால் நடக்கும் முன்பே எழுதிவைத்த ஒன்று நடந்தேறினால் அதை எப்படித் தள்ளுவது? இதுதான் அவருடைய வாதம். மீகா நூலில் பெத்லகேம், சகரியா நூலில் கழுதைமேல் வரும் அரசர், ஏசாயாவின் 53ஆம் அதிகாரத்தில் பிறருக்காகத் துன்புறும் ஊழியர் என்று வரிசையாக எடுத்துவைத்தார்.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயும் இந்த வாதத்துக்கு வேலை இருந்தது. மார்சியன் என்பவர், எபிரேய நூல்களின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று போதித்தார். சுமார் 144இல் ரோமத் திருச்சபை அவரை விலக்கியது. அவர் கருத்து வென்றிருந்தால் கிறிஸ்தவர்களின் வேதத்தில் பழைய ஏற்பாடே இருந்திராது. தீர்க்கதரிசன வாதம் அந்தப் பாலத்தை இடியாமல் காத்தது.

ரயில்வேயில் வரைபடங்களோடு காலம் கழித்தவன் நான். எனக்கு இந்த விவகாரம் மூன்று கேள்விகளாகத் தெரிகிறது. முதலாவது, வரைபடத்தின் தேதி பாலம் கட்டியதற்கு முந்தியதா? இரண்டாவது, அது யார் வசம் இருந்தது? மூன்றாவது, அது இந்தப் பாலத்துக்கான வரைபடம்தானா?

முதல் கேள்விக்கு நம் காலத்தில் நல்ல விடை கிடைத்தது. 1947இல் சாக்கடலை அடுத்த கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயாச் சுருள் சுமார் 7.3 மீட்டர் நீளம். 66 அதிகாரங்களும் ஏறக்குறைய முழுமையாக உள்ளன. அது இயேசுவுக்கு நூறாண்டுக்கும் முற்பட்டது என்பது ஆய்வாளர் முடிவு. ஆகவே ஏசாயாவின் வாசகங்களைக் கிறிஸ்தவர்கள் பின்னால் எழுதிச் சேர்த்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எல்லா நூலுக்கும் இதே விடை பொருந்தாது. மூன்றாம் நூற்றாண்டில் போர்ஃபிரி என்ற தத்துவ அறிஞர், தானியேல் நூல் பாபிலோன் காலத்தது அல்ல, கி.மு. 160களில் எழுந்தது என்று வாதிட்டார். இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோரும் அதன் தீர்க்கதரிசனப் பகுதிகளை அந்தக் காலத்ததாகவே கொள்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் விடை தந்தார். நூல்கள் கிறிஸ்தவத்தை ஏற்காத யூதர்களின் கையிலேயே இருக்கின்றன. எதிர்க்கட்சியாரிடம் உள்ள ஆவணத்தை நாம் திருத்தியிருக்க முடியாது என்றார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான்.

மூன்றாவது கேள்வியில்தான் சிக்கல். ஜஸ்டின் சுமார் 160இல், டிரைஃபோ என்ற யூதருடன் தாம் நடத்திய உரையாடலாக ஒரு நூல் எழுதினார். ஏசாயா 7:14 குறித்து டிரைஃபோ சொல்கிறார்: அங்கே இருப்பது "கன்னி" அல்ல, "இளம்பெண்", பேச்சு எசேக்கியா அரசரைப் பற்றியது. எபிரேய மூலச் சொல் "அல்மா". அதற்கு இளம்பெண் என்றுதான் பொருள். ஆனால் கிறிஸ்தவம் தோன்றும் முன்பே, யூத மொழிபெயர்ப்பாளர்களே கிரேக்கத்தில் "பார்த்தினோஸ்" என்று எழுதியிருந்தார்கள். அது பொதுவாகக் கன்னியைக் குறிக்கும் சொல். ஜஸ்டின் படித்தது அந்தக் கிரேக்க நூலைத்தான். அவர் எபிரேயம் அறிந்தவரல்லர். பின்னர் அக்குவிலா போன்ற யூத மொழிபெயர்ப்பாளர்கள் "இளம்பெண்" எனப் பொருள்படும் வேறு கிரேக்கச் சொல்லைப் போட்டார்கள்.

இந்த வழக்கு நம் வீட்டு அலமாரி வரை வந்திருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் "கன்னிகை" என்றிருக்கும். 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் "இளம்பெண்" என்றிருக்கும். ஆனால் அதே நூலின் மத்தேயு நற்செய்தியில், கிரேக்கத்தைப் பின்பற்றி, "கன்னி" என்று காணலாம். வீட்டில் இரண்டும் இருந்தால் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜஸ்டின் ஒரு படி மேலே போய், தமக்குச் சாதகமான சில பகுதிகளை யூதர்கள் வேண்டுமென்றே நீக்கிவிட்டதாகக் குற்றம் சாட்டினார். 96ஆம் சங்கீதத்தில், கர்த்தர் "மரத்திலிருந்து" ஆட்சி செய்கிறார் என்று இருந்ததாம். அந்தச் சொல் எபிரேய மூலத்திலும் இல்லை, முக்கியமான பழைய கிரேக்கப் பிரதிகளிலும் இல்லை. கிறிஸ்தவர் கையில்தான் அது சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. நீக்கியதாகச் சொல்லப்பட்ட பக்கம் நீக்கவில்லை, சேர்த்தது மறுபக்கம்!

இதற்கு நேர்மையான மருந்தைத் தேடியவர் ஆரிஜென். மூன்றாம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தின் செசரியா நகரில், எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாக அருகருகே அமைத்து ஒரு பெருநூல் தொகுத்தார். எங்கே சொல் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று குறிகளும் இட்டார். யூதர்களோடு வாதிடும்போது அவர்களிடம் இல்லாத வாசகத்தைக் காட்டக் கூடாது என்பது அவர் எண்ணம். சுமார் 248இல், செல்சஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளருக்கும் அவர் மறுப்பு எழுதினார். இந்தத் தீர்க்கதரிசனங்கள் வேறு பலருக்கும் பொருந்துமே என்பது செல்சஸின் ஆட்சேபம். செல்சஸின் நூல் அழிந்துவிட்டது. ஆரிஜென் தம் மறுப்பில் எடுத்துக்காட்டிய பகுதிகளால்தான் அவர் கேள்விகள் இன்றும் வாழ்கின்றன.

இந்த வாதத்துக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. "உங்கள் நூலே எங்களுக்குச் சாட்சி" என்பது, "உங்கள் நூல் உங்களுக்கே புரியவில்லை" என்றாகி, பிறகு "அதனால் நீங்கள் தண்டனைக்கு உரியவர்கள்" என்றும் ஆயிற்று. 132 முதல் 135 வரை ரோமுக்கு எதிராக நடந்த போரில் தோற்ற யூதர்களை எருசலேமுக்குள் நுழையவும் விடவில்லை. டிரைஃபோ அந்தப் போரிலிருந்து தப்பி வந்தவர். அவரிடமே ஜஸ்டின், இந்தத் துன்பம் உங்களுக்குத் தகும் என்கிறார். சிறு கூட்டம் ஒன்று தற்காப்புக்காகச் சொன்ன பேச்சு இது. நான்காம் நூற்றாண்டுக்குப் பின் ஆட்சி பலம் சேர்ந்ததும் அதுவே ஆயுதமாயிற்று. பல நூற்றாண்டுகள் யூதர்கள் அதன் பலனை அனுபவித்தார்கள். யூதர்களைக் கடவுளால் சபிக்கப்பட்டவர்களாகச் சித்திரிக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், அறிவித்தது.

ஆக, நூலின் பழமையைச் சுருளும் மையும் நிரூபிக்கும். அது யாரைக் குறிக்கிறது என்பதை எந்த ஆய்வுக்கூடமும் நிரூபிக்காது. அது நம்பிக்கையின் எல்லை. இந்த இரண்டையும் கலக்காமல் இருந்தால் பாதிச் சண்டை தீரும். பிறர் போற்றிக் காத்த நூலிலிருந்து நமக்குச் சாட்சி எடுக்கும்போது, அவர்கள் அதை எப்படிப் படிக்கிறார்கள் என்றும் கேட்டறிவதே முறை.

ஜஸ்டின் தம் நம்பிக்கைக்காக சுமார் 165இல் ரோமில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அவருடைய நூலின் கடைசிப் பக்கத்தில் டிரைஃபோ மதம் மாறவில்லை. கப்பலேறப் போகும் ஜஸ்டினிடம், இந்தப் பேச்சால் மிகவும் பயனடைந்தோம், போன பிறகும் எங்களை நண்பர்களாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வழியனுப்புகிறார். அத்தனை கடுமையான வார்த்தைகளுக்குப் பிறகும் இந்த வழியனுப்புதலை ஜஸ்டின் எழுதிவைத்தாரே, அதை எண்ணி மகிழ்கிறேன்.