கல்லைப் புரட்டினால் பாம்பு வருமா?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரைக் கணினி முன் உட்காரவைத்து ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். திரையில் கற்கள் தோன்றும். கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்துவிட்டால் கையில் சுரீரென்று ஒரு மின் அதிர்ச்சி. ஊகம் சரியாக இருந்தாலும் அதிர்ச்சியிலிருந்து தப்ப முடியாது. எந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு அதிகம் என்பது ஆட ஆடப் பிடிபடும். பிடிபட்ட வேளையில் கணக்கு மாறிவிடும். ஆடுகிறவர்களின் வியர்வையையும் கண்மணி விரிவதையும் கருவிகள் அளந்துகொண்டே இருந்தன.

முடிவுகள் 2016-ல் வெளிவந்தன. ‘நிச்சயம் அதிர்ச்சி உண்டு’ என்று தெரிந்த நேரத்தில் உடல் அவ்வளவாகப் பதறவில்லை. அதிர்ச்சி வரவும் செய்யலாம், வராமலும் போகலாம், இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு என்ற நிலையில்தான் பதற்றம் உச்சத்துக்குப் போனது.

நமக்கு இது புதுச் செய்தி அல்ல. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு அழுகிற வீட்டைவிட, முந்தின நாள் இரவு அதே வீட்டில் தூக்கம் குறைவு. கட்டியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் மூன்று நாள், நோய் இன்னதென்று தெரிந்த பிறகு வரும் மூன்று நாளைவிடக் கொடியது என்று சொல்கிற நோயாளிகள் உண்டு. எதிரே நிற்கும் ஆபத்துக்கு வருவது பயம். அது வருமா வராதா என்று தெரியாதபோது வருவது பதற்றம். பயத்துக்கு ஓடலாம், ஒளியலாம், எதிர்த்து நிற்கலாம். பதற்றத்துக்கு ஓட இடமில்லை, ஏனென்றால் எதிரி இன்னும் வந்து சேரவில்லை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது; இதை ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. நிச்சயமின்மை கூடும்போது கூடி, குறையும்போது குறையும்படி பதற்றம் அமைந்தவர்கள்தான் பாம்பைச் சரியாக ஊகித்தார்கள். அளவாகவும் வேளையறிந்தும் வரும் பதற்றம் மூளையைக் கூர்மையாக்குகிறது. ஆகவே பதற்றத்தை அடியோடு ஒழித்துவிடலாம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

உடலுக்குள் என்ன நடக்கிறது? ஹார்வர்டு உடலியல் அறிஞர் வால்டர் கேனன் இதை 1915-லேயே விரிவாக எழுதிவிட்டார். ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் சிறுநீரகங்களின் தலைமாட்டில் உள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தம் கைகால் தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. செரிமானம் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைக்கப்படுகிறது. தேர்வு அறைக்கு வெளியே வயிற்றைக் கலக்குவது இதனால்தான். உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. மூச்சு வேகம் பிடிக்கிறது.

இந்த மூச்சு விஷயத்தில்தான் ஒரு சிக்கல். ஓடப்போகிறவனுக்கு அவ்வளவு மூச்சு தேவை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தேவையில்லை. தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றே சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனியும் உதட்டோரமும் மரமரக்கின்றன, நெஞ்சை இறுக்குகிறது. மூச்சு அதிகமாகிப்போனவருக்கு ‘மூச்சு போதவில்லை’ என்றே தோன்றும். இன்னும் வேகமாக இழுப்பார்.

நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவருகிறவர்களில் ஒரு பகுதியினர் இவர்கள். “நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர், உயிரே போயிடும் போல இருக்கு.” இசிஜி நார்மல். ரத்தப் பரிசோதனையும் நார்மல். “ஒண்ணுமில்லைம்மா, கேஸா இருக்கும்” என்று சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்பது உண்மை அல்ல. அவர் அனுபவித்தது பேனிக் அட்டாக். இதயத்தில் கோளாறு இல்லை என்று சொன்ன கையோடு, வந்தது இன்னதென்று பெயர் சொல்லி விளக்க இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தால், அடுத்த மாதம் அவர் இன்னொரு இசிஜிக்கு வந்திருக்க மாட்டார். (நெஞ்சுவலி வந்தால் அதைப் பதற்றம் என்று நாமாகவே முடிவுசெய்யக் கூடாது. முதல் முறை வருகிறவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இசிஜி எடுத்துப் பார்த்தே தீர வேண்டும்.)

ஒரு முறை இப்படி வந்துவிட்டுப் போனபின், பாம்பு இருக்கும் கல் நம் உடலுக்குள்ளேயே வந்துவிடுகிறது. மாடிப்படி ஏறும்போது இதயம் லேசாக வேகம் எடுத்தாலும் ‘மறுபடியும் அதுவோ?’ என்ற சந்தேகம். சந்தேகம் அட்ரீனலினைக் கூட்ட, அது இதயத்தை இன்னும் வேகப்படுத்த, சந்தேகம் ஊர்ஜிதமாகிவிடுகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் இந்தச் சுழலை விளக்கினார்: படபடப்பு ஆளை வீழ்த்துவதில்லை, படபடப்புக்கு நாம் சொல்லிக்கொள்ளும் பொருள்தான் வீழ்த்துகிறது.

உள்ளிருந்து வரும் இந்த அலாரம் எவ்வளவு ஆதியானது என்பதற்கு ஒரு விசித்திரமான சான்று அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அங்கே பல ஆண்டுகளாக ஆராயப்பட்டுவந்த ஒரு பெண்ணுக்கு, அரிய மரபணு நோய் ஒன்றால் மூளையின் இருபுறமும் அமிக்டலா அழிந்துவிட்டது. பாதாம் பருப்பு வடிவில் காதுக்கு உட்புறமாக இருக்கும் இந்தப் பகுதியை ‘பயத்தின் தலைமையகம்’ என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். அவரைச் செல்லப்பிராணிக் கடைக்கு அழைத்துப்போனார்கள்; பாம்பைக் கையில் வாங்கித் தடவிக்கொடுத்தார். பேய் வீடு போல அலங்கரித்த பழைய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். பேய் வேடமிட்டவரையே பயமுறுத்தினார். முன்பொரு முறை பூங்காவில் ஒருவன் கழுத்தில் கத்தி வைத்து மிரட்டியிருக்கிறான். மறுநாள் அதே பூங்கா வழியாக நடந்துபோனவர் அவர்.

2013-ல் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழுவினர் அவருக்கு 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு கொடுத்துப் பார்த்தார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் அது சுமார் 0.04 சதவீதம்தான். முகமூடியைப் பிய்த்தெறியும் அளவுக்குப் பதறிப்போனார். அதே பாதிப்புள்ள வேறு இருவருக்கும் அப்படியே ஆனது. அமிக்டலா நன்றாக இருந்த 12 பேருக்கும் அதே காற்றைக் கொடுத்தார்கள். அவர்களில் மூவர் மட்டுமே அப்படிப் பதறினார்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு அமிக்டலா வேண்டும். மூச்சுத் திணறலுக்கு அது வேண்டாம். சொல்லப்போனால், அமிக்டலா இருந்திருந்தால் கொஞ்சம் அடக்கியிருக்குமோ என்னவோ. எலிகளின் அமிக்டலாவை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த நியூயார்க் விஞ்ஞானி ஜோசஃப் லெடூவே, அதைப் ‘பயத்தின் மையம்’ என்று அழைப்பது தவறு என்று பிற்காலத்தில் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார்.

ஏன் சிலருக்கு மட்டும் இது மட்டுமீறிப் போகிறது? இரட்டையர் ஆய்வுகளின்படி பரம்பரைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. ஹார்வர்டு உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதுப் பொம்மைகளைக் காட்டி, புது ஒலிகளைக் கேட்கவைத்துப் பார்த்தபோது ஐந்தில் ஒன்று கைகாலை உதறி அழுதது. அவற்றில் பல, வளர்ந்தபின் கூச்ச சுபாவமும் எச்சரிக்கையும் கொண்டவையாக இருந்தன. ஆனால் எல்லாமே பதற்ற நோயாளிகளாகிவிடவில்லை. சிறு வயதில் அடி, இழப்பு, குடிகாரத் தகப்பன் எப்போது எந்த மனநிலையில் வீடு திரும்புவார் என்று தெரியாத இரவுகள் போன்றவை மீதிக் கணக்கில் சேரும். இவற்றோடு, டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய சங்கதிகளும் உண்டு: தைராய்டு அதிகமாகச் சுரந்தால் அச்சு அசலாகப் பதற்றம் போலவே இருக்கும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சில மருந்துகள் படபடப்பைத் தரும். நாளுக்கு ஆறு டம்ளர் காபியும் தரும். இரவு குடித்தால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்கு மறுநாள் விடியலில் வரும் நடுக்கம், குடி கேட்கும் வட்டி.

தொடக்கம் எதுவானாலும் பதற்றம் நிலைத்து நிற்பதற்கு முக்கியமான வழி ஒன்று உண்டு. அது தவிர்ப்பு.

ஒரு பெண்ணுக்குக் கூட்டமான டவுன் பஸ்ஸில் ஒருநாள் மூச்சு முட்டியது என்று வைத்துக்கொள்வோம். பாதியில் இறங்கிவிடுகிறார்; உடனே ஆசுவாசம். அந்த ஆசுவாசம்தான் பொறி. ‘இறங்கியதால் பிழைத்தேன்’ என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த வாரம் பஸ் வேண்டாம். பிறகு சந்தை வேண்டாம், தேர்த்திருவிழா வேண்டாம், மகள் துணையில்லாமல் தெருமுனை வேண்டாம். இறங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. கல்லைப் புரட்டிப் பார்க்காதவரை, அதற்கடியில் பாம்பு இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே பயனளிக்கும் சிகிச்சைகளின் சாரம் கல்லைப் புரட்டவைப்பதுதான், ஆனால் படிப்படியாக. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுச் சிறுவனுக்கு இதைச் செய்தார். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது கூண்டிலிருந்த முயலை எட்டத்தில் வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசஃப் வோல்பே 1950-களில் இதை முறையான சிகிச்சையாக வளர்த்தார். ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கிய அறிதல் சிகிச்சையும் இதனுடன் சேர்ந்துதான் இன்றைக்கு சிபிடி என்ற பெயரில் மருத்துவமனைகளில் நடக்கிறது. பேனிக் அட்டாக் உள்ளவர்களுக்குப் படியேறவைத்து, நாற்காலியில் சுற்றவைத்து, மெல்லிய உறிஞ்சுகுழல் வழியே மூச்சுவிடச் சொல்லி, வேண்டுமென்றே படபடப்பை வரவழைப்பார்கள். வந்த படபடப்பு ஒன்றும் செய்யாமல் தானாகவே இறங்குவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். பழைய பயம் அழிவதில்லை. அதன் மேல் புதிய அனுபவம் ஒன்று பதிகிறது. அதனால்தான் ஒரு தடவை போதாது, வேறு வேறு இடங்களில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

மூச்சுப்பயிற்சி உதவுமா? உதவும். 2017-ல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் எலிகளின் மூளைத்தண்டில், மூச்சின் தாளத்தை உண்டாக்கும் இடத்தில், சுமார் 175 நரம்புசெல்கள் கொண்ட ஒரு சிறு கூட்டத்தைக் கண்டார்கள். மூளையை உசுப்பிவிடும் பகுதிக்கு அவை செய்தி அனுப்புகின்றன. அவற்றை நீக்கியதும் எலிகள் சாந்தமாகிவிட்டன. மூச்சு மனத்தைத் தொடும் ஒரு பாதை இப்படித் தெரியவந்தது. இழுப்பதைவிட விடுவதை நீட்டி, நிமிடத்துக்கு ஆறேழு மூச்சாகக் குறைத்தால் இதயத்துடிப்பு இறங்கும். ஆனால் மூச்சுப்பயிற்சி இல்லாமல் பஸ் ஏறவே மாட்டேன் என்று ஆகிவிட்டால் அதுவும் தவிர்ப்புதான். வாயில் காகிதப் பையை வைத்து ஊதும் பழைய வைத்தியம் இப்போது வேண்டாம் என்கிறார்கள். வந்தது மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் ஆபத்து.

ஓயாத கவலைக்கு என் மனதுக்குப் பிடித்த ஆய்வு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கவலை நோய் உள்ள 29 பேரை அன்றாடம் தங்கள் கவலைகளை எழுதச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொன்றும் நடந்ததா என்று சரிபார்க்கச் சொன்னார்கள். 2020-ல் வெளியான கணக்குப்படி, 91 சதவீதக் கவலைகள் பலிக்கவில்லை. தன் கவலை பலிக்கவில்லை என்பதைத் தன் கையெழுத்திலேயே பார்த்தவர்களுக்கு நோய் அதிகம் தணிந்தது. வெறுமனே “கவலைப்படாதே”, “தைரியமா இரு” என்று சொல்வதில் பலன் இல்லை. நினைக்காதே என்றதும் அதுவே நினைவுக்கு வரும். “எதுக்கு பயப்படுறே, எழுதி வை, நாளைக்குச் சாயந்தரம் ரெண்டு பேருமா உக்காந்து பார்ப்போம்” என்று சொல்லும் அக்காளோ அண்ணனோ வீட்டில் இருந்தால், பாதி சிகிச்சை வீட்டிலேயே நடந்துவிடும்.

மருந்து தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்; அதில் வெட்கம் எதுவும் இல்லை. செரட்டோனின் சார்ந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் பதற்றம் கொஞ்சம் கூடவும் செய்யலாம். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அல்பிரசோலம் வகை மாத்திரைகள் அரை மணியில் அமைதி தரும், அதுதான் அவற்றின் ஆபத்து. சில வாரங்களிலேயே உடல் அவற்றுக்குப் பழகிவிடும். பழைய சீட்டை மருந்துக் கடையில் நீட்டி வருடக்கணக்காக வாங்கிப் போடுவதும், ஒருநாள் திடீரென்று நிறுத்துவதும் இரண்டுமே தவறு. திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-ல் 30 கோடியே 10 லட்சம் பேர் பதற்ற நோய்களோடு வாழ்ந்தார்கள். சிகிச்சை பெறுகிறவர்கள் நான்கில் ஒருவர்தான். நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பதால் இங்கே நிலைமை இன்னும் மோசம். ஆனாலும் தொடங்க இடம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்குப் பதற்றம் மாதக்கணக்கில் நீடித்தால், அடுத்த இசிஜிக்கு முன் அந்த எண்ணை ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.