எம்ஸ்லாந்துக் காந்தப் பாதை கற்பிக்கும் பாடம்

ஜெர்மனி நாட்டின் வடமேற்கு மூலையில், ஹாலந்து எல்லையை ஒட்டி, எம்ஸ் என்னும் ஆறு வடகடலை நோக்கிப் பாய்கின்றது. அவ்வாற்றங்கரைச் சீமைக்கு எம்ஸ்லாந்து என்று பெயர். ஒஸ்னாபுருக் மறைமாவட்டத்தைச் சார்ந்த இப்பகுதி மக்களுள் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். நெடுங்காலம் சதுப்பும் மணலுமாய்க் கிடந்து, வறுமைக்குப் பெயர்போன அச்சீமை, 1950-ஆம் ஆண்டில் அரசு வகுத்த எம்ஸ்லாந்துத் திட்டத்தின் பயனாக மெல்ல மெல்லத் தலையெடுத்தது.

அந்த அமைதியான வயல்வெளியின் நடுவே, லாத்தன், டோர்ப்பன் என்னும் ஊர்களுக்கிடையே, தூண்களின்மீது உயர்த்தி அமைக்கப்பட்ட பாதை ஒன்று ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் உலகத்தின் கண்களைத் தன்பால் ஈர்த்து நின்றது. சக்கரமின்றி, பாதையைத் தொடாமல், காந்த விசையால் மிதந்தோடும் இரயில் வண்டியைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே அமைக்கப்பட்ட பாதை அது. அதன் வரலாற்றை இங்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம். விஞ்ஞானச் செய்தி என்பதற்காக மட்டுமன்று. பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய பாடமொன்று அதில் அடங்கியிருக்கின்றது என்பதற்காகவும் ஆகும்.

ஒரு பொறியாளரின் கனவு

இக்கதையின் தொடக்கமும் அதே ஒஸ்னாபுருக் வட்டாரத்திலேதான் இருக்கின்றது. அங்குள்ள நோர்ட்ரூப் என்னும் சிற்றூரில் 1892-ஆம் ஆண்டு பிறந்தவர் ஹெர்மன் கெம்பர் என்னும் பொறியாளர். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உரசி உருளும்வரை, தேய்மானத்துக்கும் இரைச்சலுக்கும் முடிவில்லை. சக்கரத்தையே நீக்கிவிட்டால் என்ன? வண்டியை மின்காந்தத்தால் அந்தரத்தில் நிறுத்தி ஓட்டினால் என்ன? இவ்வாறு சிந்தித்த கெம்பர், இடைவிடாது முயன்று, 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் அதற்குரிய காப்புரிமையைப் பெற்றார்.

பின்னர் உலகப் போர் மூண்டது. அக்கனவு ஏட்டளவில் உறங்கிக் கிடந்தது. 1960-களின் இறுதியில்தான் ஜெர்மானிய அரசும் பெருந்தொழில் நிறுவனங்களும் அதனைத் தட்டியெழுப்பின. 1971-இல் மியூனிக் நகருக்கு அருகே ஓட்டோபுருன் என்னுமிடத்தில் சிறிய சோதனை வண்டியொன்று மிதந்து ஓடிக் காட்டியது. கெம்பர் 1977-இல் காலமானார். தம் இளமைக் கனவு உருப்பெறத் தொடங்கியதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டியது. அது பெரும்பாதையாக நீள்வதைக் காணும் வாய்ப்புக் கிட்டவில்லை.

1979-இல் ஹாம்பர்க் நகரில் நடந்த உலகப் போக்குவரத்துக் கண்காட்சியில், ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள பாதையில் 'டிரான்ஸ்ராப்பிட்' என்னும் காந்த வண்டி பொதுமக்களை ஏற்றிச் சென்றது. ஏறத்தாழ 50,000 பேர் அதில் அமர்ந்து மகிழ்ந்தனர். மக்களிடையே எழுந்த இவ்வார்வமும் பெரும் சோதனைப் பாதையை அமைக்கும் முயற்சிக்கு ஊக்கமளித்தது.

மிதக்கும் விந்தை

இவ்வண்டி எவ்வாறு மிதக்கின்றது? பாதையின் குறுக்குவெட்டை நோக்கினால் அது சிலுவையின் மேற்பகுதி நீங்கிய வடிவில், தண்டின்மேல் பலகை வைத்தாற்போல் இருக்கும். குதிரைமேல் அமர்ந்தவன் தன் இரு கால்களாலும் அதன் விலாவை அணைத்துக் கொள்வதுபோல், வண்டியின் அடிப்பகுதி அப்பலகையின் இரு ஓரங்களையும் சுற்றி வளைத்துக் கீழே மடங்கியிருக்கும். அம்மடிப்பில் உள்ள மின்காந்தங்கள், பாதையின் அடிப்புறத்தில் பதித்துள்ள இரும்பை நோக்கி மேலே ஈர்க்கப்படுகின்றன. அந்த ஈர்ப்பினால் வண்டி முழுவதும் எழும்பி நிற்கின்றது.

ஆயினும் இங்கொரு சிக்கல் உண்டு. காந்த விசை சற்று மிகுந்தால் வண்டி பாதையோடு ஒட்டிக்கொள்ளும். சற்றுக் குறைந்தால் கீழே இறங்கிவிடும். காந்தத்திற்கும் இரும்புக்கும் இடையே ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி எப்போதும் காக்கப்பட வேண்டும். உள்ளங்கையில் நீண்ட கோலொன்றை நிமிர்த்தி நிறுத்தி விளையாடும் சிறுவன், அது சாயுமுன்னே கையை அசைத்து அசைத்து அதனை நிறுத்துவான் அல்லவா? அதுபோன்றே மின்னணுக் கருவிகள் அவ்விடைவெளியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் சமன் செய்து கொண்டிருக்கின்றன.

மற்றொரு விந்தையும் உண்டு. வண்டியை இழுத்துச் செல்லும் மோட்டார் வண்டியில் இல்லை. பாதை நெடுகிலும் விரித்து வைக்கப்பட்டுள்ளது. வண்டி இருக்கும் பகுதிக்கு மட்டுமே மின்சாரம் செலுத்தப்படும். எனவே ஒரே பகுதியில் இரு காந்த வண்டிகள் எதிரெதிரே விரைந்து வந்து மோதிக்கொள்ள இயலாது என்பது இம்முறையின் சிறப்புகளுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. அக்கூற்று பொய்யன்று. ஆனால் அது முழுப் பாதுகாப்பும் அன்று என்பதைக் காலம் கொடுமையாக எடுத்துக்காட்டியது.

வெற்றியும் ஏமாற்றமும்

எம்ஸ்லாந்துப் பாதையின் வேலை 1980-இல் தொடங்கியது. 1983-இல் முதல் ஓட்டங்கள் நிகழ்ந்தன. 1987-இல் தென்புற வளைவும் நிறைவுற்றபோது பாதையின் மொத்த நீளம் 31.5 கிலோமீட்டர் ஆயிற்று. இரு முனைகளிலும் வண்டி திரும்பி வருவதற்கு வளைவுகள் இருந்தமையால், நிற்காமலே பல நூறு கிலோமீட்டர் ஓட்டிச் சோதிக்க முடிந்தது. 1988-இல் மணிக்கு 412 கிலோமீட்டர், 1989-இல் 436, 1993-இல் 450 என வேகம் ஏறிக்கொண்டே சென்றது. 1991-இல் இம்முறை பயன்பாட்டுக்கு ஏற்றது என்று வல்லுநர் சான்றளித்தனர். பொதுமக்களும் அங்குச் சென்று பயணம் செய்து பார்க்க இசைவளிக்கப்பட்டது. சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு வேலையும் வருவாயும் பெருமையும் கிடைத்தன.

ஆயினும் சொந்த நாட்டில் அவ்வண்டிக்கு வழி பிறக்கவில்லை. ஹாம்பர்க் நகரையும் பெர்லின் நகரையும் இணைக்க வகுத்த பெருந்திட்டம், செலவையும் பயணிகளின் தொகையையும் பற்றிய ஐயங்களால் 2000-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. அயல்நாடான சீனமோ அதனை ஏற்றது. ஷாங்காய் நகரில் விமான நிலையத்துக்குச் செல்லும் 30 கிலோமீட்டர் பாதையில், 2002-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், சீனப் பிரதமர் சூ ரோங்ஜியும் ஜெர்மானியப் பிரதமர் ஷ்ரோடரும் முதற்பயணம் சென்றனர். பல்லாண்டுகள் மணிக்கு 430 கிலோமீட்டர் வேகத்தை எட்டி ஓடிய அவ்வண்டி, 2021 முதல் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வருகின்றது.

செப்டம்பர் 22

2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 22, வெள்ளிக்கிழமை. அன்று காலை, வழக்கம்போல் பராமரிப்பு வண்டியொன்று பாதையின்மேல் சென்று, இரவில் விழுந்திருந்த சருகு, சுள்ளி முதலியவற்றை அகற்றியது. அது காந்த வண்டியன்று. சக்கரங்களில் உருளும் பணி வண்டி. தன் வேலையை முடித்துக்கொண்டு, நிலையத்துக்குத் திரும்ப உத்தரவு வரும்வரை அது பாதையின்மீதே காத்து நின்றது.

அவ்வேளையில், பத்து மணிக்குச் சற்று முன்னர், 31 பேர் ஏறியிருந்த டிரான்ஸ்ராப்பிட் புறப்பட அனுமதி வழங்கப்பட்டது. அவர்களுள் பணியாளரும் இருந்தனர். புதுமையைக் காண ஆவலோடு வந்திருந்த விருந்தினரும் இருந்தனர். வண்டி வேகமெடுத்தது. மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வேகத்தில் அது பராமரிப்பு வண்டியின்மீது மோதியது. 23 பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். ஜெர்மானியப் பிரதமர் அங்கேலா மெர்க்கல் அன்றே அவ்விடம் விரைந்தார். காலையில் விடைபெற்றுச் சென்ற தந்தையோ, மகளோ, உடன்பிறந்தாரோ திரும்பி வாரா வீடுகளில் அன்று மாலை நிலவிய அமைதியை எவ்வெழுத்தால் விவரிக்க இயலும்?

காரணம் என்ன?

காந்தம் பழுதுபடவில்லை. மின்னணுக் கருவிகள் தவறவில்லை. அந்தப் பத்து மில்லிமீட்டர் இடைவெளி கடைசிக் கணம்வரை தவறாது காக்கப்பட்டது. ஆனால் பராமரிப்பு வண்டியோ வண்டிகளைத் தானாகவே கட்டுப்படுத்தும் அந்த அமைப்புக்கு வெளியே இருந்தது. பாதையில் அது நிற்கின்றது என்ற உண்மை, கட்டுப்பாட்டறையில் இருந்தோரின் நினைவையும் கவனத்தையும் சார்ந்திருந்தது. அவர்கள் அதனை மறந்து வண்டியை அனுப்பிவிட்டனர்.

அங்கே வேறொரு காவலும் இருந்தது என்பதை இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டும். பாதையில் பணி வண்டி நிற்கையில் காந்த வண்டி புறப்படாதவாறு மின்னணு முறையில் பூட்டிவிடும் வசதி கட்டுப்பாட்டறையில் இருந்தது. அதனைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று பணிவிதிகள் தெளிவாக விதிக்கவில்லை. அன்று அது பயன்படுத்தப்படவுமில்லை. எனவே 2008-இல் நீதிமன்றம், கட்டுப்பாட்டறையில் அமர்ந்திருந்தவர்களை விசாரிக்கு முன்னரே, விதிகளை வகுக்கும் பொறுப்பிலிருந்த மேலாளர் இருவரைக் கவனக்குறைவால் உயிரிழப்பு நேரச் செய்த குற்றத்திற்காகத் தண்டித்து அபராதம் விதித்தது. கட்டுப்பாட்டறைப் பணியாளர் இருவருக்கும் 2011-இல் நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அத்தீர்ப்புகளில் ஆழ்ந்த அறம் ஒன்று உண்டு என நாம் கருதுகின்றோம். விபத்து நேர்ந்தவுடன், கடைசியாகப் பொத்தானை அழுத்தியவனைச் சுட்டிக்காட்டி, 'இவனே குற்றவாளி' என்று முடித்துவிடுவது உலக வழக்கம். மனிதன் மறக்கக்கூடியவன். பல நூறு நாள்கள் ஒரே வேலையைப் பழுதின்றிச் செய்தவனும் ஒரு நாள் மறப்பான். அந்த ஒரு நாளையும் எண்ணிப் பார்த்து அதற்குரிய காவலை விதிப்பது மேலே இருப்போரின் கடமை. பூட்டு இருந்தும் பூட்டச் சொல்லாதவன் குற்றமற்றவன் ஆகான். அதேவேளையில், விதி இல்லை என்று கூறித் தன் விழிப்பைக் கைவிட்டவனும் குற்றத்தினின்று நீங்கான்.

ஆண்டவர் விழிப்பைப் பற்றிக் கூறிய உவமைகளில், தலைவன் வரும் நேரம் அறியாத ஊழியரையும், எண்ணெய் மறந்த கன்னியரையும் காண்கின்றோம். அக்கன்னியர் தீயவர் அல்லர், மறதியுள்ளவர். எல்லாம் நன்றாகவே நடக்கும் என்று எண்ணியிருந்தனர். பேரழிவுகளுள் பல பகைமையால் விளைவன அல்ல. 'நேற்றுவரை ஒன்றும் நேரவில்லையே' என்னும் எண்ணத்தால் விளைவன.

இத்தகைய துயரம் நேரும்போது, இறந்தோர் என்ன பாவம் செய்தனரோ என்று கேட்போரும் உளர். சிலோவாமில் கோபுரம் இடிந்து வீழ்ந்து பதினெண்மர் மாண்டதை நம் ஆண்டவர் எடுத்துரைத்தபோது, மாண்டவர் மற்றவரினும் பெரும்பாவிகள் என்னும் எண்ணத்தை மறுத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்ப அழைத்தார். இறந்தோரை ஆராய்வது நம் வேலையன்று. நம் பொறுப்பில் உள்ளவற்றை நாம் ஆராய வேண்டும் என்பதே அதன் பொருள்.

மௌனமான தூண்கள்

விபத்துக்குப் பின் பாதை முன்னைய பொலிவை அடையவில்லை. மியூனிக் நகரில் விமான நிலையத்துக்கு அமைக்கவிருந்த காந்தப் பாதையும், மதிப்பிட்ட செலவு முந்நூறு கோடி யூரோவைத் தாண்டவே, 2008 மார்ச்சில் கைவிடப்பட்டது. புதிதாகச் செய்யப்பட்ட ஒன்பதாம் வகை வண்டி எம்ஸ்லாந்தில் சில காலம் ஓடியது. 2011-ஆம் ஆண்டின் இறுதியில் அனுமதிக் காலம் முடிந்து பாதை மூடப்பட்டது. மறு ஆண்டில் அதனை அகற்ற இசைவும் அளிக்கப்பட்டது. இதற்கிடையே ஜப்பானியர் வேறொரு காந்த முறையைக் கையாண்டு, யமனாஷி என்னுமிடத்திலுள்ள தங்கள் சோதனைப் பாதையில் 2015-இல் மணிக்கு 603 கிலோமீட்டர் வேகம் கண்டனர். விஞ்ஞானம் நின்றுவிடவில்லை, நிற்கவும் வேண்டியதில்லை. இறைவன் அளித்த அறிவைக் கொண்டு இயற்கையின் ஆற்றல்களை ஆராய்ந்து பயன்படுத்துவது மனிதனுக்குரிய மேன்மையே.

ஒன்பதாம் வகை வண்டி ஏலத்துக்கு வந்தபோது, நோர்ட்ரூப் ஊரில் கெம்பர் குடும்பத்தார் நடத்திவரும் இறைச்சிப் பண்டத் தொழிலகம் 2016-இல் அதனை வாங்கியது. மறு ஆண்டு அது அவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டு, காண்போருக்குக் காட்சியாக நிறுத்தப்பட்டது. கனவு பிறந்த ஊருக்கே வண்டி வந்து சேர்ந்தது. ஆனால் செப்டம்பர் 22 காலையில் புறப்பட்டவர்களுள் 23 பேர் தங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. விபத்து நிகழ்ந்த இடத்தருகே அவர்களுக்கு நினைவிடம் அமைக்கப்பட்டுள்ளது.

அன்பார்ந்த வாசகர்களே, நம்முள் காந்தப் பாதைக்குப் பொறுப்பேற்றவர் எவரும் இலராகலாம். ஆனால் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் மருந்துப் புட்டி இருக்கின்ற வீடு உண்டு. தடை சரியாகப் பிடிக்காத வண்டியை இன்னும் ஒரு நாள் ஓட்டலாம் என்று எண்ணும் ஓட்டுநர் உண்டு. களைத்த தொழிலாளியை மேலும் ஒரு முறை வேலைக்கு நிறுத்தும் மேலாளர் உண்டு. நம் வீட்டிலும் பணியிடத்திலும், இருந்தும் பூட்டப்படாத பூட்டு எது என்று இன்றே தேடிப் பார்ப்போமாக. அடுத்தவர் உயிர்மேல் கொள்ளும் விழிப்பும் பிறரன்பைச் சேர்ந்ததே.

மரித்த விசுவாசிகளுக்காக நாம் செபிக்கும்போது, அறியாத நாட்டில் ஒரு செப்டம்பர் காலையில் மாண்ட அந்த 23 பேரையும் நினைவு கூர்வோம். அன்று தாங்கள் செய்த பிழையின் பாரத்தை வாழ்நாளெல்லாம் சுமக்கும் மனிதர்களையும் அச்செபத்தில் மறவாதிருப்போம்.