எரிமலைத் தொண்டையில் எழுந்த ஆலயம்!

தரையிலிருந்து 80 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் ஒற்றைப் பாறை. அதன் உச்சியில் ஆயிரம் வயதைத் தாண்டிய தேவாலயம்! தென்-மத்திய பிரான்ஸில் லெ புய் நகரை ஒட்டி நிற்கும் புனித மிக்கேல் அதிதூதர் சிற்றாலயம்தான் அது.

★ இந்தப் பாறை ஒரு காலத்தில் எரிமலையின் தொண்டை என்பது தெரியுமா? உள்ளே குழம்பு இறுகிக் கல்லானது. சுற்றியிருந்த மென்மையான பகுதியை மழையும் ஆறும் அரித்துத் தின்றுவிட, தொண்டை மட்டும் மிஞ்சியது!

★ லெ புய் ஆயர் கோடெஸ்கால்க், 951-வாக்கில் ஸ்பெயினிலுள்ள, இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் கல்லறைக்கு யாத்திரை போய்வந்தார். பிரான்ஸிலிருந்து அங்கே போனதாகப் பெயருடன் பதிவான முதல் யாத்ரீகர்களில் அவரும் ஒருவர்! அவர் ஆயராக இருந்த காலத்தில்தான் உச்சியில் முதல் ஆலயம் எழுந்தது.

★ அது மூன்று பக்கமும் அரைவட்ட மாடங்கள் கொண்ட சின்னஞ்சிறு சதுர அறை. 12-ஆம் நூற்றாண்டில் இடம் போதவில்லை. விரிக்கவோ உச்சியில் சமதளம் கிடையாது! பாறை வளைந்த பக்கமெல்லாம் சுவரையும் வளைத்தார்கள். அதனால்தான் உள்ளே நேர்கோட்டைத் தேட வேண்டியிருக்கிறது. வரைபடம் போட்டது கொத்தனார் அல்ல, பாறைதான்!

★ வாசலைப் பாருங்கள்! மூவிதழ் வளைவு, பல நிறக் கற்களின் கோலம். அரபு-ஸ்பானியக் கட்டடக்கலையின் சாயல் தெரிகிறது என்கிறார்கள் அறிஞர்கள். நிலைக்கு மேலே யார் தெரியுமா? கடற்கன்னிகள்!

★ பழைய பூச்சுக்கு அடியில் மறைந்துகிடந்த சுவரோவியங்கள் 19-ஆம் நூற்றாண்டில் வெளிவந்தன. மேலே கிறிஸ்து, சுற்றிலும் வானதூதர்கள், சூரியன், சந்திரன்!

★ அதிசயம் அத்தோடு முடியவில்லை. 1955-இல் பலிபீடத்துக்கு அடியில் ஒரு புதையலே கிடைத்தது! புனிதப் பொருட்களைக் காக்கும் பேழைகளும் மரத்தாலான கிறிஸ்து சிலையும் அதில் இருந்தன.

★ 1840-இல் பிரான்ஸ் அரசு வெளியிட்ட முதல் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலிலேயே இந்த ஆலயத்துக்கு இடம் உண்டு. அந்தச் சின்னங்களுக்கு அப்போதைய தலைமை ஆய்வாளர் யார்? பின்னாளில் 'கார்மென்' கதையை எழுதிய ப்ரோஸ்பெர் மெரிமே!

மேலே போக ஒரே வழி, பாறையில் வெட்டிய 268 படிகள். பிரான்ஸ் போனால் ஈபிள் கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள். முழங்கால் இடம் கொடுத்தால் இதையும் ஏறிப் பார்த்துவிடுங்கள்!