உங்களுக்குத் தெரியுமா? கல்லூரி அணிகளும் ஒரு கோபாலபுரத்து ரசிகரும்

● சர்வதேசப் போட்டி நடக்கும் கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பேஸ்கட்பால் கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பரப்பைக் கணக்குப் போட்டால் ஒரு கால்பந்து மைதானத்துக்கு 17 கோர்ட்டுகள் சமம். எங்கள் சென்னைக் கோபாலபுரத்தில் எந்த விளையாட்டு வேர் பிடிக்கும் என்பதை இந்தக் கணக்குதான் பாதி தீர்மானித்திருக்கிறது. வீடுகளும் பள்ளிகளும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பகுதியில், பள்ளிக்குப் பின்னால் ஒரு கோர்ட் போட இடம் ஒதுக்கிவிடலாம். முழு கால்பந்து மைதானத்துக்கு எங்கே போவது? இருக்கும் ஒரு மாநகராட்சி மைதானமும் கிரிக்கெட்காரர்களின் இடம். அண்மையில் குத்துச்சண்டை அகாடமியும் அங்கே வந்திருக்கிறது.

வட சென்னையிலும் இடம் தாராளம் கிடையாது. இருந்தும் வியாசர்பாடியில் கால்பந்து தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது. அதனால்தான், ஒரு கல்லூரி கால்பந்து அணியில் அந்தப் பக்கத்துப் பையன்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் நான் அந்த அணியின் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

● 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை கால்பந்து. கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பாகானும் மோதின. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மோதலில் ஜெயிக்காமல் தவித்த ஈஸ்ட் பெங்காலுக்கு ஆட்டத்தின் ஒரே கோலை அடித்துக் கொடுத்தவர் நம் சென்னையின் நந்தகுமார் சேகர். ஊரே கிரிக்கெட் பேசும்போது கொல்கத்தாவில் ஒரு பாதி நகரம் நம் பையனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

● பேஸ்கட்பால் பிறந்தது 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக இரண்டு பீச் பழக் கூடைகளை மாடிக் கைப்பிடியில் மாட்டி, 13 விதிகள் எழுதினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி அது. இன்று அண்ணா சாலையில் நந்தனத்தில் இருக்கிறதே, அதேதான்.

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது, பக் வீரர்களை மட்டும் உருவாக்கவில்லை என்பதை. அவர் உருவாக்கியது பி.டி. மாஸ்டர்களை. அங்கே படித்து வெளியேறிய பலரும் ஏதோ ஒரு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், கழுத்தில் விசிலும் கையில் பந்துமாக நின்றார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்குப் பொறுப்பாக உடன் போனவரும் பக்தான். தமிழ்நாட்டு பேஸ்கட்பாலின் பூர்வீகம் எது என்று யாராவது கேட்டால் நான் நந்தனத்தைத்தான் காட்டுவேன்.

● இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் பேஸ்கட்பால் ஆடியது ஒரே முறை. 1980, மாஸ்கோ.

● லயோலா கல்லூரி ஜெயித்தது, எம்.ஓ.பி. வைஷ்ணவ் ஜெயித்தது என்று செய்தி படிக்கிறோம். ஆனால் அந்தக் கல்லூரிகள் தங்கள் பெயரில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆட முடியாது. எத்தனை பேருக்கு இது தெரியும்?

நடைமுறை இது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டியில் களம் இறங்குவது பல்கலைக்கழகம். கல்லூரிக்கு அங்கே இடமில்லை. லயோலாவும் எம்.ஓ.பி.யும், எங்கள் வீட்டருகே உள்ள ஸ்டெல்லா மாரிஸும், பீட்டர்ஸ் சாலையில் இருக்கும் நியூ காலேஜும், மயிலாப்பூர் விவேகானந்தாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தன்னாட்சி பெற்ற கல்லூரியானாலும் இதில் மாற்றமில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஒருவரை ஒருவர் அடித்து நொறுக்குவார்கள். அப்புறம் ட்ரயல்ஸ் வைப்பார்கள். நேற்றுவரை எதிரெதிரே ஆடியவர்கள் ஒரே ஜெர்ஸியில் 'மெட்ராஸ் யுனிவர்சிட்டி' ஆகிவிடுவார்கள். அங்கிருந்து தென் மண்டலம்: தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி. அதில் முதல் நான்கு இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டி.

எஸ்.ஆர்.எம்., சத்யபாமா, இந்துஸ்தான் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் வளாகத்து அணியே பல்கலைக்கழக அணி. ஒரே பயிற்சியாளர், ஒரே விடுதி, ஒரே சாப்பாட்டு மேசை. வருஷம் முழுக்கச் சேர்ந்து ஆடிய ஐந்து பேர் அப்படியே மண்டலப் போட்டிக்குப் போகிறார்கள். பொறியியல் கல்லூரிப் பையன் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஆடுவான். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மாணவர், உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுவார். ஆக, ஒரே சென்னை ஐந்தாறு துண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று தென் மண்டலத்தில் சந்திக்கும்.

இதைப் பற்றி ரசிகர்களுக்குள் எப்போதும் வாக்குவாதம் உண்டு. என் கட்சி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கட்சி. நிகர்நிலை அணிகளின் உழைப்பை நான் மதிக்கிறேன். அவர்கள் ஆட்டத்தில் ஒரு பாஸ் எங்கே போகும் என்று வாங்குபவனுக்கு முன்கூட்டியே தெரியும், அது அழகு. ஆனால் பத்துப் பதினைந்து நாள் முகாமில் ஒட்டவைத்த அணி, லயோலாக்காரன் ஓட நியூ காலேஜ்காரன் பந்தைப் போட, மண்டலப் போட்டியில் முன்னேறும்போது எனக்கு வரும் சந்தோஷம் வேறு. அது நகரம் சேர்ந்து ஆடும் ஆட்டம். அந்த முகாமை ஒரு மாதமாக நீட்டினால் அந்த அணியை வீழ்த்துவது எல்லோருக்கும் கடினமாகிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

● லயோலா கல்லூரியை 1925-ல் நிறுவியவர் ஃபிரான்சிஸ் பெர்ட்ராம் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். அவர் நினைவாக நடக்கும் பெர்ட்ராம் போட்டி, அன்று கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமானது. ஆனால் ஒரு முறை கல்லூரி முதல்வரின் தனி அனுமதியோடு ஒரு பள்ளிச் சிறுவன் அதில் டென்னிஸ் ஆட வந்தான். 1951-ல் பட்டத்தையும் தட்டிச் சென்றான். அவர்தான் ராமநாதன் கிருஷ்ணன், பின்னாளில் விம்பிள்டன் அரையிறுதிக்கு இரண்டு முறை போனவர். விதியைச் சற்று விலக்கிவைத்துத் திறமைக்கு வழிவிட்ட அந்த முதல்வரை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நிறைகிறது.

● அமெரிக்காவில் 'காலேஜ் ஃபுட்பால்' என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். ஆனால் அதன் முதல் போட்டி என்று அவர்கள் கொண்டாடும் ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. அணிக்கு 25 பேர். உருண்டைப் பந்து. கையில் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. இன்றைய நம் கால்பந்துக்குத்தான் அது அதிகம் நெருக்கம். ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். சொந்த ஊர்க் கல்லூரியின் ஆட்டத்துக்கு லட்சம் பேர்! நம் நேரு ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 40,000 பேர் உட்காரலாம். அதில் கல்லூரி ஆட்டத்துக்கு நூறு பேர் வந்தாலே எனக்குத் திருவிழா.

● அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் நெடுங்காலம் தங்கள் பெயரை வைத்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்று விதி இருந்தது. 2021 ஜூலையில் அது தளர்ந்தது. விளம்பரத்தில் நடிக்கலாம், பணம் வாங்கலாம். 2025-ல் இன்னும் ஒரு படி போய், கல்லூரிகளே நேரடியாக வீரர்களுக்குப் பணம் கொடுக்க வழி பிறந்தது.

நம் பையன்களுக்குக் கிடைப்பது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு சீட், கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு. சிறிய விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய எத்தனையோ பேருக்கு அந்தச் சீட்டைப் பெற்றுத் தந்தது இடது காலால் போட்ட ஒரு கிராஸ், அல்லது வளையத்துக்கடியில் பிடித்த ரீபவுண்ட். அதற்கு அப்புறம் வேலை. ஐ.ஓ.பி., தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை என்று சென்னையில் அணி வைத்திருந்த அலுவலகங்கள்தான் நம் விளையாட்டைத் தாங்கின. அமெரிக்கப் பையனுக்கு அடுத்த படி என்.பி.ஏ.; நம் பையனுக்கு ஒரு பணி நியமன ஆணை. விளையாட்டு வீரர்களை எடுக்கும் எண்ணிக்கையை எந்த அலுவலகமும் குறைக்கக் கூடாது. அந்த ஆணை நின்றுபோனால் காலை ஐந்தரை மணிப் பயிற்சிக்குப் பிள்ளையை எழுப்பிவிட எந்தத் தாய்க்கு மனம் வரும்?

● சின்னச் சின்ன வித்தியாசங்கள். நம் கல்லூரி பேஸ்கட்பால் நான்கு கால் பகுதி, ஒவ்வொன்றும் 10 நிமிடம். அமெரிக்க ஆண்கள் கல்லூரி ஆட்டம் இன்னும் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதிதான். நமக்கு 24 நொடிக்குள் ஷாட் போட வேண்டும், அவர்களுக்கு 30. மூன்று பாயின்ட் கோடு மட்டும் இப்போது இருவருக்கும் ஒன்று: 6.75 மீட்டர். வளையத்தின் உயரம் எங்கேயும் எப்போதும் 3.05 மீட்டர்.

● பெண்கள் ஆட்டத்தின் பந்து ஆண்கள் பந்தைவிடச் சிறியது: ஆண்களுக்கு 7-ஆம் எண், பெண்களுக்கு 6. சென்னையில் பார்க்கத் தகுந்த பேஸ்கட்பால் எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் பெண்கள் கல்லூரி ஆட்டம் என்பேன். உயரத்தை நம்பி ஒருவரே பந்தை வைத்துக்கொண்டு முட்டுவது அங்கே குறைவு. பந்து கைமாறிக்கொண்டே இருக்கும், ஆள் வெட்டி ஓடிக்கொண்டே இருப்பார், கடைசியில் ஒரு திறந்த ஷாட் தானாகக் கிடைக்கும்.

இந்தச் சென்னை மண்ணிலிருந்து வந்தவர் அனிதா பால்துரை. 19 வயதில் இந்தியப் பெண்கள் சீனியர் அணிக்குக் கேப்டன். 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்காக ஆடினார். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் மட்டும் ஒன்பது முறை. தாயான பிறகும் கோர்ட்டுக்குத் திரும்பி வந்தார். 2021-ல் பத்மஸ்ரீ. நம் பள்ளிப் புத்தகங்களில் இவர் பெயர் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

● 2009-ல் ஆசியப் பெண்கள் பேஸ்கட்பால் சாம்பியன்ஷிப் நடந்த நகரம் சென்னை. 2022-ல் சீனியர் தேசியப் போட்டியும் இங்கேதான். ஆண்கள் பட்டம் தமிழ்நாட்டுக்கு.

● ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக ஆடியது எப்போது? 1960 ரோம், பெருவுக்கு எதிரான ஆட்டம். அந்த ஒலிம்பிக் அணியில் இருந்தவர் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ். அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. 1973-ல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணிக்குப் பயிற்சியாளரும் இவர்தான். அண்டை மாநிலத்துக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரின் சொந்த மாநிலம் இன்றுவரை அதை வென்றதில்லை. 2012 இறுதி ஆட்டத்தில் சர்வீசஸிடம் 2-3 என்று நாம் தோற்றது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆண்களால் ஆகாததைப் பெண்கள் செய்து காட்டினார்கள். சீனியர் தேசியப் பெண்கள் கால்பந்தில் 2018-ல், அசைக்க முடியாதது என்று பேர் வாங்கிய மணிப்பூரை இறுதியில் வீழ்த்திப் பட்டம். 2023-ல் ஹரியானாவை வீழ்த்தி மறுபடியும் பட்டம். 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இவர்களில் பலர் கடலூர், மதுரை என்று சென்னைக்கு வெளியிலிருந்து வந்த பிள்ளைகள். சென்னைக் கல்லூரிகள் பேஸ்கட்பாலுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைப் பெண்கள் கால்பந்துக்குக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன். கோர்ட் வைத்திருக்கும் பெண்கள் கல்லூரிகளைத் தேட வேண்டியதில்லை. கால்பந்து கோல் போஸ்ட் நட்ட பெண்கள் கல்லூரி எத்தனை?

● கல்லூரி ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. கல்வியாண்டின் முதல் பாதியில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள், டிசம்பர், ஜனவரி வாக்கில் பல்கலைக்கழக மண்டலப் போட்டிகள். கோபாலபுரத்திலிருந்து நியூ காலேஜுக்கும் ஸ்டெல்லா மாரிஸுக்கும் நடந்தே போய்விடலாம். நுங்கம்பாக்கம் லயோலாவுக்கு ஆட்டோ போதும். தடுப்பது ஒன்றே ஒன்று: எந்த ஆட்டம் எப்போது என்று வெளியே யாருக்கும் தெரிவதில்லை. போட்டி அட்டவணைக் காகிதம் பி.டி. மாஸ்டர் அறைச் சுவரோடு நின்றுவிடுகிறது. அதன் ஒரு நகலைக் கல்லூரி வாசல் கேட்டில், தமிழில், தேதியும் நேரமும் போட்டு ஒட்டுங்கள். வெளியாள் உட்காரலாம் என்று காவலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.