சீட்டில்லாத மாத்திரையும் சிகாகோ எலியும்

ஒரே இன எலிகள்தான். வாங்கிய பண்ணை மட்டும் வேறு. சிகாகோ ஆய்வாளர்கள் இரு தரப்புக்கும் தோலுக்கடியில் ஒரே மெலனோமா (தோல் புற்றுநோய்) செல்களைச் செலுத்தினார்கள். ஒரு பண்ணை எலிகளுக்குக் கட்டி மளமளவென வளர்ந்தது, மற்றவற்றுக்கு மெதுவாக. அடுத்த முறை, செல்களைச் செலுத்தும் முன் இரு தரப்பையும் மூன்று வாரம் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும். வித்தியாசம் காணாமலே போய்விட்டது! பிஃபிடோபாக்டீரியம் என்ற குடல் பாக்டீரியாவின் வேலை இது என்று 2015-ல் எழுதினார்கள். அதை ஊட்டி, நோயெதிர்ப்பைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது கட்டி வளர்வது ஏறக்குறைய நின்றேவிட்டது.

குடலில் இருப்பது தோலில் உள்ள கட்டியை எப்படித் தொடும்? தொடுவதில்லை. டென்ட்ரிடிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களை உசுப்புகிறது. அவை கட்டியைத் தாக்கும் டி செல்களை முடுக்கிவிடுகின்றன.

2018-ல் பாரிஸ் குழு ஒன்று, இம்யூனோதெரபி எடுத்த 249 புற்றுநோயாளிகளை ஆராய்ந்தது. சிகிச்சை தொடங்கிய காலத்தையொட்டி, குடல் பாக்டீரியாவையும் கொல்லும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் 69 பேர். பல், சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி என்று வழக்கமான காரணங்கள்தான். அவர்களின் இடைநிலை ஆயுள் 11.5 மாதம், மற்றவர்களுக்கு 20.6. ஆன்டிபயாடிக் தேவைப்பட்டவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்களாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. சரி, எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தபோதும் மருந்து படுத்துவிட்டதே!

நம்மூரில் “தொண்டை கரகரங்குதுண்ணே” என்றால் போதும். மருந்துக் கடைக்காரர் ஆன்டிபயாடிக் ஸ்ட்ரிப்பில் நாலு மாத்திரையைக் கத்தரித்து, கவரில் போட்டு, “காலையில ஒண்ணு, நைட்டு ஒண்ணு” என்று நீட்டுவார். டாக்டர் சீட்டு கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. கத்தரி அதன் மேலேயே போகிறது. இத்தனைக்கும் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. அடிவாங்குவது குடல் பாக்டீரியாதான். அது காலி செய்த இடத்தில் டிஃபிசில் என்ற கிருமி புகுந்து, ஆளையே சாய்க்கும் வயிற்றுப்போக்கைக் கிளப்புவதும் உண்டு.

“கூடவே நல்ல பாக்டீரியா மாத்திரை, அதான் ப்ரோபயாடிக், போட்டுக்கலாமே” என்பார்கள். இஸ்ரேலில் அதையும் சோதித்துவிட்டார்கள். ஆன்டிபயாடிக் முடித்த பிறகு ப்ரோபயாடிக் எடுத்தவர்களுக்குப் பழைய பாக்டீரியா திரும்புவது மாதக்கணக்கில் தள்ளிப்போனது. மருந்துக்கு முன் சேமித்துவைத்த சொந்த மலத்தையே திரும்பக் குடலுக்குள் செலுத்திக்கொண்டவர்கள்தான் சில நாள்களில் தேறினார்கள்.