காஞ்சிப் பட்டு: சில்க் மார்க் இருந்தால் போதுமா?

ஏனாத்தூர் தாண்டி காஞ்சிபுரத்துக்குள் கார் நுழைந்ததுமே, "தறி விலைக்கே புடவை இருக்கு, வாங்க சார்" என்று புரோக்கர்கள் கூப்பிடுவார்கள். அவர்களுக்கான கமிஷனும் புடவை விலையில்தான் ஏறும்.

கடைக்குள் சிக்கல் வேறு மாதிரி. "சில்க் மார்க் இருக்கு, ஒரிஜினல் காஞ்சிபுரம்" என்பார் விற்பனையாளர். 2004-ல் அறிமுகமான சில்க் மார்க், நூல் அசல் பட்டு என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. சரிகை அசலா, நெய்தது கைத்தறியிலா என்பதை அது சொல்லாது. விலையை எகிற வைப்பதே இந்த இரண்டும்தான்!

பட்டு நூலில் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசினால் அது அசல் சரிகை. 'டெஸ்டட் ஜரி' என்றால் சோதித்துப் பார்த்த தரம் என்று தோன்றும். உண்மையில் வெள்ளிக்குப் பதிலாகச் செம்பு. லேசாகச் சுரண்டினால் தெரிந்துவிடும்தான். ஆனால், புதுப் புடவையைச் சுரண்ட எந்தக் கடையில் விடுவார்கள்?

அதனால் பில்லைப் பிடித்துக்கொள்ளுங்க. 'பட்டுப் புடவை' என்று மட்டும் போட்டால் விடாதீங்க. கைத்தறியா, என்ன சரிகை, வெள்ளி எத்தனை சதவீதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் கூட்டுறவு சங்க விற்பனை நிலையங்கள் இருக்கவே இருக்கின்றன. பின்னால் ஏமாந்தது தெரிந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தாலும், முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.