கனவில் வந்த எண் வெல்லுமா?

மாணவர்களே, புதன், சனி, ஞாயிற்றுக்கிழமைகளில் செந்தூலின் நம்பர் கடைகளில் கூட்டம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கனவில் வந்த எண், விபத்தில் சிக்கிய காரின் எண் என்று ஆளுக்கொரு நம்பிக்கை. கணிதம் என்ன சொல்கிறது?

0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் உள்ளன. ஒரு குலுக்கலில் பரிசுக்குரியவை 23 மட்டுமே. ‘பிக்’ வகையில் 1 ரிங்கிட் கட்டினால், முதல் மூன்று பரிசுகள் 2,500, 1,000, 500 ரிங்கிட். சிறப்புப் பரிசு பத்து, தலா 180. ஆறுதல் பரிசு பத்து, தலா 60. மொத்தம் 6,400 ரிங்கிட்.

எல்லா எண்களையும் வாங்கினால் செலவு 10,000 ரிங்கிட். திரும்பி வருவது 6,400. அதாவது, ஒரு ரிங்கிட்டுக்குச் சராசரியாக 64 சென். இதுவே ‘எதிர்பார்ப்பு மதிப்பு’. எந்த எண்ணை எடுத்தாலும் இது மாறாது.

“பல வாரம் வராத எண் இனி வந்தே தீரும்” என்பதும் தவறு. சுழலும் பந்துகளுக்கு நினைவாற்றல் கிடையாது.

போக்கர் சீட்டாட்டத்தில் தேர்ந்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள். சராசரியில் நட்டம் என்றால் சீட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒருமுறை வென்றதால் மட்டும் ஒரு முடிவைச் சரியென்று கொள்ளமாட்டார்கள். பக்கத்து வீட்டு மாமாவுக்குப் பரிசு விழுந்தாலும் 64 சென், 64 சென்தான்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் ராசியான நம்பர் கேட்டால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.